தோட்ட ஏப்ரன்: பாக்கெட் மூலை கிழியுது, தடிமனான இடத்துல தையல் விட்டுப் போகுது

நூல்கண்டு கேட்டது:

பழைய ஜீன்ஸ் கால் துணியில் இடுப்பில் கட்டும் ஏப்ரன். பின்பக்கத் தோட்டத்தில் செடிகளை வெட்டிவிட, காய் பறிக்க, களை பிடுங்க, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். அகலம் 60 செ.மீ., நீளம் 45. முன்னால் 20 x 18 அளவில் இரண்டு பாக்கெட்.

சிக்கல்கள்:

1. பாக்கெட்டின் மேல் மூலை இரண்டும் கிழிகின்றன. நூல் அறுவதில்லை, துணியே கிழிகிறது.
2. அந்த மூலைக்கு வரும்போது மட்டும் நாலைந்து தையல் விட்டுப் போகிறது. இரண்டு ஊசி உடைந்தது. இப்போது இருப்பது 14ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ.
3. பாக்கெட் அடியில் மண் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

காய் பறித்துப் போட பெரிய பாக்கெட்டும் ஒன்று வேண்டும். இதே துணியில் வைக்கலாமா?

பாபின்பெட்டி:

உங்க முதல் ரெண்டு சிக்கலுக்கும் வேர் ஒரே இடம்தான். அந்த மூலையில எத்தனை அடுக்குன்னு எண்ணிப் பாருங்க. பாக்கெட் வாயை ரெண்டு மடிப்பு மடிச்சா மூணு அடுக்கு. பக்கத்தை உள்ளே மடிக்கும்போது அது ஆறாகுது. அடித்துணியோட ஏழு. ஏழு அடுக்கு ஜீன்ஸை 14ஆம் நம்பர் ஊசி குத்தும்போது ஊசி லேசா வளையும். அடியில சுத்துற கொக்கி வந்து மேல் நூலைப் பிடிக்கிற இடத்துல நூல் வளையம் இருக்காது, தையல் விட்டுடும். இன்னும் கொஞ்சம் வளைஞ்சா முனை தகட்டுல இடிச்சு உடையும். கையால துணியைப் பின்னாலிருந்து இழுத்தாலும் இதேதான் நடக்கும். துணியை நகர்த்துறது பாதத்துக்கு அடியில இருக்கிற பல்லோட வேலை, நாம வழி மட்டும் காட்டணும்.

முதல்ல அடுக்கைக் குறைங்க. பாக்கெட் வாயை ரெண்டு மடிப்பு வேண்டாம். விளிம்புல ஜிக்ஜாக் அடிச்சு, 2.5 செ.மீ. ஒரே மடிப்பா மடிங்க. பக்கத்தை மடிக்கிறதுக்கு முன்னால, வாய் மடிப்புக்குள்ளே மாட்டுற பக்கத் துணியைச் சாய்வா வெட்டி எடுத்துடுங்க. ஏழு, நாலு அஞ்சா குறையும்.

அப்புறம் ஊசி: ஜீன்ஸ் ஊசின்னே கேட்டு 16 வாங்குங்க. குறைக்கவே முடியாத இடம்னா 18. மாட்டும்போது மேலே முட்டுற வரைக்கும் தள்ளிட்டுத்தான் ஸ்க்ரூவை முடுக்கணும். அரை மில்லிமீட்டர் இறங்கி இருந்தாலும் தையல் விடும். ஊசியில இருக்கிற நீளப் பள்ளம், நூல் கோக்கிற பக்கம் பார்த்து இருக்கணும். தையல் நீளம் 3 அல்லது 3.5 வைங்க. தடிமன் துணியில 2.5 வச்சா பக்கத்துப் பக்கத்துல ஓட்டை விழுந்து, பேப்பரைப் புள்ளி வச்சுக் கிழிக்கிற மாதிரி ஆயிடும். உங்க துணி கிழியறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு. மிஷின் பாதம் தடிமனான இடத்துல ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். அப்போ ஊசி பக்கத்துல துணி அமுங்கி இருக்காது, ஊசியோட சேர்ந்து மேலே எழும்பும். அதுக்கு, அதே தடிமனுக்கு மடிச்ச துண்டுத் துணி ஒண்ணைப் பாதத்தோட பின்பக்கம் அடியில வைங்க. பாதம் மட்டமாகிடும். மேட்டைத் தாண்டி இறங்கும்போது அதே துண்டை முன்பக்கம் மாத்துங்க. அந்த நாலு தையலை மட்டும் மோட்டார் இல்லாம, சக்கரத்தைக் கையால சுத்திப் போடுங்க. தைக்கிறதுக்கு முன்னால மேட்டுல ஒரு துணி போட்டு சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா நல்லாவே அமுங்கும்.

வேலை முடிஞ்சதும் 16ஐக் கழட்டிடுங்க. மெல்லிய துணியில அது போடுற ஓட்டை மறையாது.

மண்வெட்டி:

ஊசியை மாற்றினால் தையல் விடுவது நிற்கும். கிழிவது முழுதாக நிற்காது. பாக்கெட்டில் கைவிட்டு இழுக்கும் ஒவ்வொரு முறையும் மொத்த பாரமும் மேலே உள்ள இரண்டு புள்ளிகளில்தான் விழுகிறது. அங்கே ஏப்ரனின் உடல் துணி ஒரே அடுக்கு, அதிலும் பழையது. நூல் வலுவாக இருப்பதால் துணி தோற்றுப்போகிறது.

மூலை ஒவ்வொன்றுக்கும் நேர் பின்னால், ஏப்ரனின் உட்புறத்தில் 4 x 4 செ.மீ. ஒட்டுத்துணி வையுங்கள். ஜீன்ஸே வேண்டும் என்பதில்லை, நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தி போதும், அடுக்கும் தடிக்காது. அதோடு சேர்த்து மூலையில் ஒரு சிறு முக்கோணம் தைக்க வேண்டும்: பாக்கெட் வாயில் 1.5 செ.மீ. குறுக்கே, அங்கிருந்து சாய்வாகக் கீழே, பிறகு பக்கத் தையலோடு மேலே. ஜிக்ஜாக் உள்ள மிஷினில் அகலம் 2.5 மி.மீ., நீளம் 0.5 மி.மீ. வைத்து 1 செ.மீ. தூரம் நெருக்கமாக அடித்தாலும் சரி. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நான்கு தடவை ஓட்டாதீர்கள், அது துணியை அரித்துவிடும்.

நூல் பாலியஸ்டர்தான். எந்நேரமும் ஈரமும் வெயிலும் படும் பொருளுக்குப் பருத்தி நூல் தாங்காது.

மண் சேர்வதற்கு எளிய வழி, பாக்கெட்டின் கீழ் மூலை இரண்டிலும் 1.5 செ.மீ. தைக்காமல் விடுவது. மண் தானே உதிரும். சின்ன விதைப் பொட்டலம், கம்பித் துண்டு போடுவதற்கு மட்டும் மூலை மூடிய சிறு பாக்கெட் ஒன்று தனியாக வையுங்கள்.

நீங்கள் கேட்காதது ஒன்று: வெட்டுக் கத்தரியை முன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தால், அதன் முனை தொடையைப் பார்த்துத்தான் திரும்பும். அதற்குத் தனியாக, இடுப்போரம் பக்கவாட்டில் 8 செ.மீ. அகலப் பாக்கெட், அடியில் இரட்டைத் துணி. கத்தரியைப் பூட்டித்தான் போட வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏப்ரன் தைப்பதாக இருந்தால் அதில் கருவிப் பாக்கெட்டே வேண்டாம்.

கொடிப்பந்தல்:

காய் பறிக்கும் பைக்கு ஜீன்ஸ் வேண்டாம் என்பேன். நனைந்தால் கனக்கும், காய நாளாகும். நடுத்தரத் தடிமனில் டிரில் (சாய்வுக்கோடாக நெய்த உறுதியான) துணி, அல்லது பழைய பருத்திப் போர்வைத் துணி நல்லது. புதுத்துணியானால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால், பையை இழுத்துக் கட்ட விளிம்பில் சரடு ஓடும் மடிப்பு முறுக்கிக்கொள்ளும்.

தனியாகப் பாக்கெட் தைக்காமல் ஏப்ரனையே பையாக்கலாம். 60 அகலம், 75 நீளம் வெட்டுங்கள். கீழ் மூலை இரண்டையும் 15 செ.மீ. ஆரத்தில் வளைத்து வெட்டுங்கள். மேலிருந்து 20 செ.மீ. கீழே தொடங்கி, பக்கம், அடி, மறுபக்கம் என்று சுற்றிவந்தால் விளிம்பு ஏறக்குறைய 157 செ.மீ. வரும். அதற்கு 4 செ.மீ. அகலத்தில் 160 செ.மீ. கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை) வேண்டும். நேர்வாட்டில் வெட்டிய பட்டை வளைவில் படியாது, சுருக்கம் விழும். 45 டிகிரி சாய்வில்தான் வெட்ட வேண்டும்.

பட்டையின் இரு முனைகளையும் முதலில் உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள், சரடு நுழையும் வாய் அதுதான். பிறகு பட்டையை ஏப்ரனின் நல்ல பக்கத்தோடு விளிம்பில் வைத்து 0.75 செ.மீ. உள்ளே தைத்து, வளைவில் சிறு வெட்டுகள் கொடுத்து, பின்பக்கம் புரட்டி, மறு ஓரத்தை மடித்து மேல் தையல். உள்ளே 2.5 செ.மீ. குழல் கிடைக்கும். 220 செ.மீ. சரட்டை ஊக்கில் கோத்து உள்ளே ஓட்டுங்கள். மேல் 20 செ.மீ. ஓரத்தை மட்டும் சாதாரணமாக மடித்து அடித்தால் போதும்.

அடிப்பாகத்தை இடுப்புவரை தூக்கி, சரட்டை இழுத்து, இடுப்புப் பட்டையில் தைத்த வளையத்தில் கட்டினால் பை. கூடைக்கு மேல் நின்று முடிச்சை அவிழ்த்தால் காய் தானாகச் சரிந்து விழும், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதில்லை. உருவு முடிச்சே போடுங்கள். ஈரச் சரட்டில் இரட்டை முடிச்சு இறுகினால் ஒரு கையால் அவிழாது. இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் சேர்த்தால் இடுப்பு வலிக்கும். கழுத்துப் பட்டை வைத்தால் இன்னும் மோசம், பாரம் முழுதும் பிடரியில் இறங்கும்.

நூல்கண்டு:

16 ஜீன்ஸ் ஊசி, நீளம் 3.5 வைத்துத் துண்டுத் துணியில் பார்த்தேன். தையல் விடவில்லை. ஆனால் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பாபின் கேஸ் (அடி நூல் கண்டு வைக்கும் கூடு) ஸ்க்ரூவை முடுக்கவா?

பாபின்பெட்டி:

அதைத் தொடாதீங்க. அடியில வளையம் தொங்கினா தப்பு பெரும்பாலும் மேல் நூல்ல. ஊசி மாத்தும்போது நூலை எடுத்துட்டு மறுபடி கோத்திருப்பீங்க, பாதம் கீழே இறங்கி இருந்திருக்கும். அப்போ மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் மூடிக்கிட்டு இருக்கும், நூல் நடுவுல போகாம மேலேயே கிடக்கும். பாதத்தைத் தூக்கிட்டு நூலை முழுசா மறுபடி கோத்துடுங்க. பாதத்தை இறக்கி நூலை இழுத்தா கை இறுக்கத்தை உணரணும். அதுக்கப்புறமும் தொங்கினா மேல் டென்ஷனை அரை எண் ஏத்திப் பாருங்க, அதே நாலு அடுக்குத் துண்டுல.