பிரெஞ்சு ஹார்ன்: மெதுவாகத் தொடங்கும் சுரம் பிசகுகிறது, பயிற்சியால் தீருமா?

கேள்வி:
டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்து ஹார்னுக்கு மாறியவன் நான். இடது கையால் வால்வு அழுத்துவதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் நீண்ட ஓய்வுக்கு அப்புறம் மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தை மெதுவாக எடுக்க வேண்டுமென்றால் பக்கத்துச் சுரம் வந்து விழுகிறது, இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் உடைகிறது. தனியாக வாசித்தால் வருவது ஒத்திகையில் வருவதில்லை. ஆர்கெஸ்ட்ரா வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. இது சரியாகுமா? அந்த வேலையில் இருப்பவர்களின் அன்றாடம் எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

பதில் 1:
பிசகுவதற்கு முக்கியக் காரணம் வாத்தியத்தின் அமைப்பு. டிரம்பெட்டின் குழாய் சுமார் நாலரை அடி, எஃப் சுருதியில் அமைந்த ஹார்னின் குழாய் சுமார் 12 அடி. இவ்வளவு நீளமான குழாயை வைத்துக்கொண்டு நாம் மேலே மேலே வாசிக்கிறோம். மேலே போகப் போகப் படிகள் நெருங்கிவரும் ஏணி மாதிரிதான் அது. ஒரே குழாயில் உதட்டை மட்டும் மாற்றி வரிசையாக எடுக்கக்கூடிய சுரங்களை அனுசுரங்கள் என்பார்கள்; அதில் எட்டாவதைத் தாண்டினால் விரலை மாற்றாமலே அடுத்த சுரம் ஒரு முழுச் சுர இடைவெளியில், இன்னும் மேலே அதைவிடவும் கிட்டத்தில் காத்திருக்கும். வால்வு சரியாக இருந்தாலும் உதடு எந்தச் சுரத்தை நினைக்கிறதோ அதுதான் வரும். டபுள் ஹார்னில், அதாவது ஒரே வாத்தியத்தில் இரண்டு குழாய் நீளங்கள் இருக்கும் ஹார்னில், கட்டைவிரல் வால்வால் சுமார் 9 அடியுள்ள பி ஃப்ளாட் பக்கத்துக்கு மாறினால் அந்த இடைவெளி கொஞ்சம் அகலும். 1897-இல் வந்த அந்த அமைப்பை இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அதனால் பயிற்சியைக் காதிலிருந்து தொடங்குங்கள். ஹார்னைக் கீழே வைத்துவிட்டு வேறு ஏதாவது வேலை பாருங்கள். திரும்ப எடுத்ததும் அந்த முதல் சுரத்தை மனதுக்குள் பாடி, மூச்சு இழுத்து, ஒரே தடவை வாசியுங்கள். பிசகினாலும் உடனே திரும்ப வாசிக்காதீர்கள், மறுபடி கீழே வைத்துவிடுங்கள். மேடையில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது இல்லையா, வீட்டிலும் அப்படியே பழக வேண்டும். அப்புறம், ஓய்வின்போது ஹார்ன் குளிர்ந்தால் சுருதி இறங்கும். சத்தம் வராமல் சூடான மூச்சை உள்ளே ஊதிக்கொண்டிருங்கள், குழாயில் சேரும் தண்ணீரையும் மறக்காமல் கொட்டிவிடுங்கள்.

பதில் 2:
அன்றாடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வழக்கமான ஆர்கெஸ்ட்ராவில் நான்கு ஹார்ன்கள், ஒன்றும் மூன்றும் மேல் சுரங்களுக்கு, இரண்டும் நான்கும் கீழ்ச் சுரங்களுக்கு. கீழ் ஹார்ன் என்றால் இளப்பம் என்று நினைக்க வேண்டாம். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் மெதுவான பகுதியில் வரும் பெரிய சோலோ நான்காம் ஹார்னுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் ஹார்னுக்குப் பல இடங்களில் ஓர் உதவியாளரும் உட்காருவார். சத்தமான கூட்டுப் பகுதிகளை அவர் பங்குபோட்டுக்கொள்வதால் சோலோ வரும்போது முதல் ஹார்னின் உதட்டில் தெம்பு இருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத கஷ்டம் காத்திருத்தல். பிராம்ஸின் முதல் சிம்பொனியில் டிராம்போன்காரர்கள் முதல் மூன்று பகுதிகளும் முடியும்வரை கிட்டத்தட்ட அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பகுதியில் ஹார்ன் சோலோவுக்குப் பிறகு, ஆறிப்போன உதட்டோடு, மெல்லிய குரலில் ஒரு கோரல் (தேவாலயப் பாடல் போன்ற நிதானமான கூட்டிசை) வாசிக்க வேண்டும். அது சுத்தமாக வந்தால் அரங்கமே அடங்கிவிடும், அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வேலையை விடாமல் இருப்பவர்கள் உண்டு.

வேலை கிடைப்பது கடினம். ஒரு குழுவில் இருப்பதே நான்கைந்து இடங்கள், உட்கார்ந்தவர்கள் பல வருடம் எழுந்திருப்பதில்லை. பல இடங்களில் ஆடிஷன் திரைக்குப் பின்னால்தான், சில நிமிடத்தில் முடிந்துவிடும். காதையும் உதட்டையும் இப்போதிலிருந்தே காப்பாற்றுங்கள். கனமாக வாசித்த நாளுக்கு மறுநாள் கீழ்ச் சுரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உதட்டில் வலியோ மரத்துப்போதலோ இருந்தால் அன்றைக்கு அதன்மேல் பயிற்சியை ஏற்றவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஒத்திகையில் பிசகும்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதே பெரிய பாரமாக இருக்கிறது.

பதில் 3:
பிராஸ் வரிசையில், அதாவது ஹார்ன், டிரம்பெட், டிராம்போன் வாசிப்பவர்களிடையே, எழுதாத வழக்கம் ஒன்று உண்டு: ஒருவருக்குச் சுரம் உடைந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாளைக்குத் தங்களுக்கும் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை நினைத்துப் பயந்து மூச்சை இறுக்கினால்தான் அடுத்த சுரமும் போகும்.

இன்னொன்று, நீங்கள் டிரம்பெட்டிலிருந்து வந்தவர் என்பதால் கேட்கிறேன்: மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பகுதி) உதட்டில் எங்கே உட்காருகிறது? ஹார்னில் பெரும்பாலானவர்கள் மேலுதட்டில் மூன்றில் இரண்டு பங்கு, கீழுதட்டில் ஒரு பங்கு என்று வைப்பார்கள். டிரம்பெட் பழக்கத்தில் பாதிப் பாதியாக வைத்திருந்தால் மெதுவான தொடக்கங்களில்தான் முதலில் தெரியும். இதை நீங்களாகவே மாற்றப் போகாதீர்கள், ஹார்ன் வாசிக்கும் ஆசிரியர் ஒருவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு மாற்றுங்கள்.