மறு: டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'இரட்டைப் பற்றி' போதாதா? சுருக்கமாக இருக்கிறதே.

ஐயா, வணக்கம். சுருக்கம்தான். ஆனால் 'இரட்டைப் பற்றியைப் பற்றி ஒரு கட்டுரை' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குச் சிக்கல் 'இரட்டை'யில்தான்.

இந்தக் கியர்பெட்டியில், எஞ்சினையும் கியரையும் சேர்த்தும் பிரித்தும் விடும் கிளட்ச் இரண்டு. 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படைக் கியர்கள் ஒன்றின் பொறுப்பு. 2, 4, 6 என்ற இரட்டைப்படைக் கியர்கள் மற்றதன் பொறுப்பு. வண்டி ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது மறுபக்கம் தயாராக நிற்கும். இப்போது 'இரட்டைக் கிளட்ச் போச்சு' என்று மெக்கானிக் சொன்னால், முழுப் பெட்டியா, 2-4-6 பக்கம் மட்டுமா?

என் வண்டியிலேயே இந்தக் குழப்பம் வந்தது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகையில் தவளக்குப்பம் வரை ஒரு குறையும் தெரியாது. மரப்பாலம் சிக்னல் நெரிசலில் ஊர்ந்தால், இரண்டாம் கியர் விழும் இடத்தில் கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் குலுங்குவார். ரிவர்ஸ் எடுத்தாலும் அதே ஆட்டம். என் வண்டியில் ரிவர்ஸும் இரட்டைப்படைக் கிளட்சில்தான் வருகிறதாம். மஞ்சக்குப்பம் மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான்: "சூடானா சரியா பிடிக்க மாட்டேங்குது சார், உதறுது."

நாம் தேடும் சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. கிளட்ச் 'பிடிக்கும்', 'விடும்' என்றுதானே எல்லாரும் பேசுகிறோம்? எனவே 'இருபிடிப் பல்லிணைப்பெட்டி' (பல்லிணை என்றால் கியர்). உள்ளே இருப்பவை ஒற்றைப்படைப் பிடி, இரட்டைப்படைப் பிடி. கிளம்பும்போது வரும் நடுக்கம் 'உதறல்'. 'அதிர்வு' வேண்டாம், அது எஞ்சினுக்கு எப்போதும் உள்ளது, உதறல் குளிர்சுரம் மாதிரி வந்து போவது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி, வண்டியின் வேகம் ஏறாவிட்டால் 'பிடி நழுவல்'; கருகல் வாசம் பெரும்பாலும் இதோடு சேர்ந்தே வரும். எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஒருபக்கக் கியர்களை மட்டும் வைத்து வண்டி தள்ளாடி வீடு சேர்வதற்கு 'நொண்டிநிலை' என்று வைத்திருக்கிறேன். மனசு முழுதாக ஒப்பவில்லை.

— கடலூரிலிருந்து

> 'நொண்டிநிலை' என்று வைத்திருக்கிறேன்

நொண்டி வேண்டாம். மேலும் கெடாமலிருக்கப் பெட்டி தன்னைத்தானே காத்துக்கொள்கிறது, ஆகவே 'காப்பு ஓட்டம்' எனலாம். உதறலுக்கு என் ஓட்டு உண்டு. 'இருபிடி' என்றதும் எனக்கு இரண்டு பெண்யானைகள்தாம் தெரிந்தன. களிறு எங்கே என்று யாரும் கேட்காதவரை சரி.

அப்புறம், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச், எண்ணெய் இல்லாத கிளட்ச் என இருவகை உண்டே. நெரிசலில் சீக்கிரம் சூடேறி உதறுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். அவற்றை 'எண்ணெய்ப்பிடி', 'உலர்பிடி' எனலாமா?

— புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து