ஓஹையோ ஸ்டேட் 2024: ஆஃபென்சிவ் லைனில் ஒருவர் போனால் எத்தனை இடம் ஆடும்? (அனுபவப் பகிர்வு)

நாலாம்டவுன்

அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் ஆஃபென்சிவ் லைன் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை ஐவர்) உடைந்தால் என்ன ஆகும், அதைச் சீசன் நடுவிலேயே எப்படி ஒட்டவைக்கிறார்கள் என்று பார்க்க 2024 ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி போதும். அந்த ஆட்டங்களைக் கூர்ந்து பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்.

புதியவர்களுக்கு: காலுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்குக்கு (பாஸ் வீசுபவர்) அனுப்புபவர் சென்டர்; அப்படி அனுப்புவதுதான் ஸ்னாப். அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். 50 முதல் 79 வரை நம்பர் போட்ட இவர்கள் முன்னால் ஓடிப் போய்ப் பாஸ் பிடிக்க முடியாது. பெரும்பாலும் 300 பவுண்டைத் தாண்டிய உடம்பு. ஸ்கோர் கார்டில் இவர்கள் பெயர் வருவதே அபூர்வம்.

அக்டோபர் 12, ஆரெகனில் 32-31 தோல்வி. அந்த ஆட்டத்தில் லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிமன்ஸின் முழங்கால் போனது, சீசன் முடிந்தது. அடுத்த ஆட்டம் நெப்ராஸ்காவுடன். 21-17 என்று தப்பித்தார்கள், ஆனால் ஓட்டத்தில் கிடைத்தது 64 யார்டுதான். பெஞ்சிலிருந்து வந்த டேக்கிளும் அதே ஆட்டத்தில் காயப்பட்டார். அப்புறம்தான் லெஃப்ட் கார்டு டானவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். கார்டு இடத்துக்கு கார்சன் ஹின்ஸ்மன். ஒரு முழங்கால், இரண்டு இடம் மாறிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு நடுவே நாலு மூட்டு இருக்கிறது என்று வைத்தால், இடதுபக்கம் இரண்டு மூட்டும் புதுசு.

கிக்ஸ்டெப்

ஜாக்சன் செய்தது எவ்வளவு கஷ்டம் என்று பலருக்குப் புரியவில்லை. கார்டுக்கு எதிராளி நேரே மூக்குக்கு முன்னால். ஸ்னாப் ஆனதும் அரை அடி எடுத்துவைத்தால் மோதல் தொடங்கிவிடும். டேக்கிளுக்கு எதிராளி வெளியோரத்திலிருந்து ஓடிவருகிறார். வெளிக்காலைப் பின்னுக்கு உதைத்து, உள்காலை இழுத்து, இரண்டு மூன்று முறை வழுக்கிப் போக வேண்டும். கால் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது, இடுப்பைச் சீக்கிரம் வெளியே திருப்பிவிடவும் கூடாது. திருப்பினால் எதிராளி உள்ளே வெட்டிக் குவார்ட்டர்பேக்கிடம் நேராகப் போவார். கார்டாகப் பழகியவருக்குக் கையை முந்தி நீட்டும் பழக்கம் இருக்கும். ஓரத்தில் அது ஆபத்து: நீட்டிய கையைத் தட்டிவிட்டு வளைந்து போய்விடுவார்கள்.

இன்னொரு தொல்லை ட்விஸ்ட். உள்ளே நிற்கும் எதிரணியின் டிஃபென்சிவ் டேக்கிள் நம் டேக்கிளின் உள்தோளை இடிப்பார், ஓரத்து ஆள் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே வருவார். கார்டும் டேக்கிளும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். இருவரும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் நின்றால் அது நடக்கும். டேக்கிள் இரண்டு அடி பின்னால், கார்டு முன்னால் என்றிருந்தால் ஒருவர் மேல் ஒருவர் இடிப்பார்கள், சுற்றிவந்தவருக்கு வழி திறந்துவிடும். இந்த ஆழத்தை வாயால் சொல்லித் தர முடியாது. அதே இருவர் ஒன்றாக நூற்றுக்கணக்கில் ஸ்னாப் எடுத்தால்தான் வரும்.

நாலாம்டவுன்

நவம்பரில் அடுத்த அடி. இண்டியானா ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் சென்டர் செத் மெக்லாஃப்லினின் குதிகால் தசைநாண் (அக்கிலீஸ்) அறுந்தது. ஹின்ஸ்மன் கார்டிலிருந்து சென்டருக்கு, கார்டுக்கு இன்னொருவர். இப்போது டேக்கிள், கார்டு, சென்டர் மூவருமே செப்டம்பரில் அந்த இடத்தில் நின்றவர்கள் இல்லை.

சைலன்ட்கவுண்ட்

சென்டர் மாறினால் ஐந்து பேருக்கும் காது மாறிய மாதிரி. யார் நடு லைன்பேக்கர் (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) என்று விரல் நீட்டிச் சொல்வதும், தடுப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கூப்பிடுவதும் பெரும்பாலும் அவர்தான். அந்தக் குரல் தப்பினால் இருவர் ஒரே ஆளைத் தடுப்பார்கள், ஒருவர் சும்மா வருவார்.

அப்புறம் ஸ்னாப். ஷாட்கன் என்ற அமைப்பில் குவார்ட்டர்பேக் சுமார் 5 யார்டு பின்னால். பந்து அவர் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் வர வேண்டும். தாழ்ந்தால் கண் பந்துக்குப் போகும், அந்த நொடியில் எதிரணியைப் பார்க்க முடியாது. தாழ்வதற்கு வழக்கமான காரணம் மூக்குக்கு நேரே ஒரு தடியர் நிற்பது. அவரை எதிர்க்கும் அவசரத்தில் சென்டர் பந்து கையை விட்டுப் போகும் முன்பே எழும்பிவிடுகிறார். 2024 ஜனவரி 1 ரோஸ் போலில் மிஷிகனுக்கு எதிராக அலபாமாவின் கடைசி ப்ளேயைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நாலாவது டவுன் (கடைசி வாய்ப்பு), கோல் கோட்டுக்கு 3 யார்டு. ஸ்னாப் தாழ்ந்து போனது, குவார்ட்டர்பேக் மில்ரோ அதைப் பொறுக்கிக்கொண்டு நடுவே பாய்ந்து அடங்கினார். மிஷிகன் 27-20 என்று வென்றது.

வெளியூர் மைதானத்தில் கத்தல் காதைப் பிளக்கும்போது குரல் வேலைக்கு ஆகாது. ஒரு கார்டு திரும்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார், சைகை வந்ததும் சென்டரின் தொடையைத் தட்டுவார். சென்டர் தலையைத் தூக்கி ஒரு தாளம் விட்டுப் பந்தை அனுப்புவார். அந்தத் தாளம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் எதிரணி அதை எண்ணிவிடும், நம் டேக்கிளை விட முந்திக் கிளம்பும். பயந்துபோன டேக்கிள் முன்னதாக அசைந்தால் 5 யார்டு அபராதம். பிந்தியதால் பிடித்து இழுத்தால் 10.

கிக்ஸ்டெப்

நவம்பர் 30 மிஷிகன் ஆட்டம், 13-10 தோல்வி. 26 ஓட்டம், 77 யார்டு. இன்சைட் ஸோன் என்ற ஓட்ட ப்ளேயில் சென்டரும் கார்டும் சேர்ந்து டிஃபென்சிவ் டேக்கிளை நகர்த்திவிட்டு, ஒருவர் கழன்று லைன்பேக்கரிடம் போக வேண்டும். மிஷிகனின் டிஃபென்சிவ் டேக்கிள்கள் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் இருவரும் இருவர் தள்ளியும் நகரவில்லை. கழலவே முடியாததால் லைன்பேக்கர் தடையில்லாமல் வந்து ஓட்டக்காரரை மடக்கினார். இதில் லைனை மட்டும் திட்டுவது அநியாயம். ஒட்டுப்போட்ட நடுப்பகுதியை எதிரணியின் பலமான இடத்திலேயே மறுபடி மறுபடி மோதவிட்டது திட்டம் போட்டவர்கள் தப்பு.

மூன்று வாரம் கழித்து டென்னசி, 42-17. அங்கே முதலில் பாஸ். பாஸ் பிடிப்பவரான ஜெரமயா ஸ்மித்துக்கு ஆரம்பத்திலேயே பந்து போனது, டிஃபென்ஸ் பின்வாங்கி விரிந்தது, நடுவில் ஆள் குறைந்தது. அதே ஐந்து பேருக்கு வேலை லேசானது. 2025 ஜனவரி 20 தேசிய இறுதி ஆட்டத்தில் நோட்ர டேமை 34-23 என்று வென்றபோது ஓட்டக்காரர் ஜட்கின்ஸ் 11 ஓட்டத்தில் 100 யார்டு எடுத்தார், ஒன்று மட்டும் 70 யார்டு. மிஷிகனிடம் 77 யார்டு எடுத்த அணி அது.

நாலாம்டவுன்

பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழி: முதல் முறை இடது கார்டையும் டேக்கிளையும் மட்டும் பாருங்கள், பந்தை மறந்துவிடுங்கள். பாஸ் என்றால் இருவரின் ஆழம். ஓட்டம் என்றால் தோள் யாருடையது தாழ்வு. தாழ்ந்த தோள் பெரும்பாலும் ஜெயிக்கும். இரண்டாம் முறை சென்டர், ஸ்னாப்புக்கு முன் அவர் விரல் எங்கே நீள்கிறது என்று. நெப்ராஸ்காவையும் டென்னசியையும் அடுத்தடுத்துப் போட்டால் வித்தியாசம் கண்ணில் படும்.