இரை போட்டு மீனுக்குக் காத்திருக்க எந்த ஃப்ரீ ஸ்பூல் ரீல் வாங்கலாம்?

நண்பர்களே, உயிர் இரை போட்டு ராடை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுக் காத்திருப்பதுதான் என் வழக்கம். போன வாரம் ரீலின் டிராக்கை (தூண்டில் நரம்பு வெளியே ஓடுவதைத் தடுக்கும் பிடி) இறுக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினேன், மீன் ராடையே இழுத்துக்கொண்டு போய்விட்டது! சரி என்று தளர்த்தி வைத்தால், கடித்ததும் பதற்றத்தில் அதிகமாக இறுக்கி நரம்பை அறுத்துவிடுகிறேன்.

அதனால் பின்பக்கம் லீவர் உள்ள ஃப்ரீ ஸ்பூல் ரீலைப் பார்க்கிறேன். லீவரைத் தள்ளினால் மீன் லேசான பிடியில் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும். கைப்பிடியைச் சுற்றியதும் முன்பே சரிசெய்து வைத்த மெயின் டிராக் பிடித்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது இதுதான்.

ஷிமானோ பெய்ட்ரன்னர் டி, பென் ஸ்பின்ஃபிஷர் லைவ் லைனர் இரண்டும் மனதில் இருக்கின்றன. கரையிலிருந்து, 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), 3 முதல் 8 கிலோ வரையான மீன்கள். 6000 சைஸ் போதுமா, 8000 எடுக்கவா? (ராடு ஸ்டாண்டில்தான் நிற்கும், எடை பெரிய கவலை இல்லை.)

முக்கியமான சந்தேகம்: ஃப்ரீ ஸ்பூலின் பிடியை எவ்வளவு குறைக்க முடிகிறது? இரையைக் கவ்வும் மீன் இறுக்கத்தை உணர்ந்தால் துப்பிவிடுகிறது. ரொம்பத் தளர்ந்தால் நீரோட்டமே நரம்பை இழுக்கும். அப்புறம், உப்புத்தண்ணீரில் அந்த லீவர் சிக்கிக்கொள்கிறதா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.