பாதிச் சாப்பாட்டில் மடித்த இலை

திருச்சி அம்மா:
போன ஆவணியில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் பத்து வயது மகளுக்கு ஜாங்கிரி வைக்க வந்தவரிடம், எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா “அவளுக்கு வேண்டாம், இப்பவே பீப்பா மாதிரி இருக்கா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாம்பார் சாதம் பாதி இருக்கும்போதே அவள் இலையை மடித்துவிட்டாள். அன்றிலிருந்து போட்டோ என்றால் வயிற்றுக்கு நேராகப் பையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் வாயே திறக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

கோவை அப்பா:
எங்களுக்கு நேர்மாறு. மகன் ஒல்லி. “சோறு போடுறதே இல்லையா?” என்று கேட்டுக் கேட்டே போனைக் காட்டி ஊட்ட ஆரம்பித்தோம், ஒருநாள் மொத்தத்தையும் என் சட்டையிலேயே வாந்தி எடுத்தான். மருத்துவர் வளர்ச்சி அட்டையில் பழைய எடைகளைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு கீழே இருந்தாலும் சீராக ஏறியிருந்தது. “என்ன கொடுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க, எவ்வளவுன்னு அவன் பண்ணட்டும்” என்றார்.

சேலம் சித்தி:
திருச்சி அம்மா, அந்தப் பெரியம்மா பேசியது தப்புதான், ஆனால் எடையையே கவனிக்காமல் விடுவதும் தப்பு. அக்கா மகனுக்குக் கழுத்துப் பின்னால் கருப்பு, அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்தோம். அது அழுக்கில்லை, எடை கூடியதால் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாம். பெரியவர்களுக்கான பிஎம்ஐ கணக்கை, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கை, அப்படியே பிள்ளைகளுக்குப் போடாதீர்கள், 5 முதல் 18 வயதுவரை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டை இருக்கிறது, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, மருத்துவரிடம் அதில் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்பானம், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் வீட்டுக்கே வேண்டாம், அண்ணனுக்கு மிக்சர் கொடுத்துவிட்டு இவளுக்கு மட்டும் வெள்ளரிக்காய் என்றால் அதுவே தண்டனை. பள்ளி வாசலில் 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி விற்கக் கூடாது என்று 2020லேயே விதி வந்தாயிற்று, பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விடுங்கள், அதை எடை குறைக்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆசிரியை, தஞ்சாவூர்:
சித்தி சொல்வது சரி, ஆனால் பத்து வயதுப் பெண் என்பதை மறந்துவிட்டீர்கள். பெரியவளாவதற்கு முன்னால் கொஞ்சம் பூசினாற்போல் ஆவது பல பிள்ளைகளுக்கு இயல்பு. நாங்கள் வகுப்பில் எடையைச் சத்தமாகப் படிப்போம். ஒரு பிள்ளை ஷூவைக் கழற்றினாள், அப்புறம் பெல்ட், கடைசியில் கழுத்து அடையாள அட்டையையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். இப்போது எடையைச் சீட்டில் எழுதி அவரவர் கையில்தான் கொடுக்கிறேன்.

திருச்சி அம்மா:
நேற்று அவளிடம் “அன்னிக்கு நான் பேசியிருக்கணும்” என்றேன். “ஆமாம்மா” என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வளைகாப்பு, அதே பெரியம்மா வருகிறார். வயதில் பெரியவரிடம் முகம் முறியாமல், ஆனால் பிள்ளை காதில் விழும்படி எப்படிச் சொல்வது? சொன்னவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.