ஆயுத பூஜைக்கு முன்னால் கூட்டாகக் கார் கழுவுகிறோம், சரி. பாலிஷ் மெஷின் எதற்கு?

மடிப்பாக்கம்_மாருதி:
எல்லாருக்கும் வணக்கம். ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு, வழக்கம்போல நம் ஆட்கள் கூடி அவரவர் காரைக் கழுவித் துடைத்து வாக்ஸ் போடுகிறோம். மேடவாக்கம் பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட்டைக் காலை 6 முதல் 11 வரை வாடகைக்குப் பேசிவிட்டேன். கூரை இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, எதிரிலேயே டீக்கடை. பிரச்சினை என்னவென்றால், போன முறை நுரைமன்னன் பெயின்டில் தெரியும் பொடிக் கோடுகளை எடுக்கப் பாலிஷ் மெஷின் கொண்டுவந்தார், அதைப் பார்த்து நாலைந்து பேர் 'எனக்கும் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்கள்' என்று வரிசையில் நின்றார்கள், கழுவ வந்த இடம் பாலிஷ் பட்டறையாகிவிட்டது. அன்றிலிருந்து வாட்ஸப்பில் ஒரே சண்டை. இங்கேயே பேசி முடித்துவிடலாம். இந்த முறை மெஷின் வேண்டுமா, வேண்டாமா?

டீசல்_தாத்தா:
வேண்டாம். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் இருக்கும் க்ளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடி ஒன்று அதைவிடத் தடிமன். வெயிலைத் தடுக்கும் சரக்கு அந்தப் படலத்துக்குள்தான் இருக்கிறது, அதுவும் மேல்பகுதியில் இருப்பதுதான் முதலில் வேலை செய்கிறது. அதைப் போய்க் கற்றுக்குட்டிகள் கையில் மெஷினைக் கொடுத்துச் சுரண்டச் சொல்கிறீர்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது தம்பி. நம் குழுவில் பாதிப் பேர் செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருக்கிறீர்கள், எந்தக் கதவு ஏற்கெனவே பெயின்ட் அடித்தது, எதை எத்தனை முறை பாலிஷ் போட்டான் என்று உங்களுக்கே தெரியாது. பழைய அம்பாசடர் போல க்ளியர் கோட்டே இல்லாத பெயின்ட் என்றால் பேட் முழுக்கக் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும்.

நுரைமன்னன்:
தாத்தா, நீங்கள் சொல்வதெல்லாம் ரோட்டரி மெஷினுக்குப் பொருந்தும். நான் கொண்டுவருவது டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், ஓர் இடத்தில் நின்றால் சூடேறிப் பெயின்ட் கருகும். டிஏ சுற்றிக்கொண்டே பக்கவாட்டிலும் ஆடும், ரொம்ப அழுத்தினால் பேட் சுற்றுவதே நின்றுவிடும், அதனால்தான் புதிதாகக் கற்பவர்களுக்கு அதைச் சொல்கிறார்கள். மென்மையான ஃபோம் பேட், ஃபைன் பாலிஷ், முதலில் ஒரு சின்ன இடத்தில் டெஸ்ட். இப்படிப் போனால் கழிவது ஒன்றிரண்டு மைக்ரான், அவ்வளவுதான். வெளியே கடையில் இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், அங்கே மெஷின் பிடிக்கிற பையனும் யாரோ ஒருவர் காரில்தானே தொழில் கற்றான்? நாம் காசு கொடுத்துக் கற்றுக்கொடுப்பதை விட நாமே கற்றுக்கொள்ளலாமே.

வேளச்சேரி_வேகன்ஆர்:
இரண்டு பேரும் முடிவிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அந்தக் கோடுகள் எப்படி வந்தன என்று யாராவது பேசினீர்களா? வெயிலில் பார்த்தால் பானட்டில் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகத் தெரிகிறதே, அவை உண்மையில் வட்டமே இல்லை. நாலா பக்கமும் ஓடுகிற பொடிக் கீறல்கள். வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புகிற கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வளையமாகத் தோன்றுகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே வரும். இத்தனை கீறலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. ஒரே வாளி, ஒரே துணி, மேலே ஆரம்பித்துச் சக்கரம் வரை தேய்த்துவிட்டு அதே துணியோடு அடுத்த கதவு. மெஷினால் இன்றைக்கு எடுத்தால் அடுத்த மாதம் அதே துணி திரும்பப் போட்டுவிடும். அப்புறம் மறுபடி ஒன்றிரண்டு மைக்ரானா?

போன முறை நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருவருடைய மைக்ரோஃபைபர் துணி தரையில் விழுந்தது, எடுத்து ஒரு உதறு உதறிவிட்டு அப்படியே இன்னொருவரின் கறுப்பு காரைத் துடைத்தார். நல்ல துணி, தடிமனான துணி, ஆனால் சிமென்ட் தரையின் மணல் அதற்குள் போய்விட்டது. கூட்டமாகச் செய்தால் இதுதான் ஆபத்து, மெஷினெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

டீசல்_தாத்தா:
வேகன்ஆர் அம்மா சொல்வது நியாயம். ஆனால் அதற்கு எதற்குக் கூட்டம்? வாட்டர் சர்வீஸில் விட்டால் ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

நுரைமன்னன்:
ஐந்நூறு ரூபாய்க்கு அவர்கள் சேஸில் டீசல் ஸ்ப்ரேயும் சேர்த்து அடிப்பார்கள் தாத்தா, உங்கள் பெயருக்குப் பொருத்தம்தான், ஆனால் அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷுக்கு ஆகாது.

டீசல்_தாத்தா:
அந்தக் காலத்தில் துருப் பிடிக்காமல் இருந்தது அதனால்தான். சரி, அதை விடு.

பள்ளிக்கரணை_நாரை:
நான் கார் பைத்தியம் இல்லை, நண்பர் சொல்லிப் படிக்கிறேன், ஆனாலும் கேட்கிறேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்தபோது தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய ஊர் இது. பெங்களூருவில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். இங்கே நீங்கள் பத்து இருபது காரை வரிசையாக நிறுத்தித் திருவிழா கொண்டாடுகிறீர்கள். இன்னொன்று, அந்த நுரை, அந்த ஊதா நிறக் கெமிக்கல் எல்லாம் எங்கே போகிறது? மழைநீர் வடிகாலில் விட்டால் அந்தப் பக்கத்தில் அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போய்ச் சேரும். 2022-ல் ராம்சார் என்ற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்த்த இடம் அது.

மடிப்பாக்கம்_மாருதி:
கேட்க வேண்டிய கேள்விதான். ஷெட்டில் தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போய் மண்ணும் எண்ணெயும் தங்கிய பிறகுதான் வெளியே போகிறது, அதனால்தான் தெருவிலோ அபார்ட்மென்ட் வாசலிலோ வைக்காமல் வாடகை கொடுத்து ஷெட் பிடித்தேன். தண்ணீர் போர் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் போகும், பிரஷர் வாஷரில் அதைவிடக் குறைவு, துப்பாக்கியை விட்டால் நின்றும் விடும். தூசி மட்டும் இருக்கிற காருக்கு ரின்ஸ்லெஸ் ஷாம்பு போதும், ஒரு வாளி, நிறையத் துணி, அலசவே வேண்டாம். ஆனால் சேறு ஒட்டிய காரில் அதைச் செய்தால் சேற்றையே தேய்த்த மாதிரி, அதற்கு முதலில் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும்.

கோவை_டீசல்:
போர் தண்ணீரா? எங்கள் ஊர்ச் சிறுவாணியில் கழுவினால் இந்தப் பஞ்சாயத்தே வராது :) உங்கள் ஊர் உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை வட்டம் விழும். போன தடவை சென்னை வந்தபோது என் காரில் விழுந்தது, இன்னும் போகவில்லை.

வேளச்சேரி_வேகன்ஆர்:
சிறுவாணியை வாளியில் பிடித்துக் காரில் ஊற்றினால் உங்கள் ஊர்க்காரர்களே அடிக்க வருவார்கள். வெள்ளை வட்டத்துக்கு என் வழி சொல்கிறேன்: ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கேனில் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பே கிட்டத்தட்ட இருக்காது. போர் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் இதை ஊற்றித் துடைத்தால் வட்டம் விழாது. ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் கடைசியில் ஊற்றாதீர்கள், மெஷின் பிரித்துத் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதையே தினமும் ஊற்றி, கண்ணாடியில் வைப்பர் போகாத இடமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது.

அப்புறம் ஆயுத பூஜை என்கிறீர்கள், அதைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. பூஜைக்கு முன்னால் நாள் முழுக்க வாக்ஸ் போட்டுவிட்டு, பூஜை முடிந்த மறுநாள் என்ன செய்கிறோம்? காய்ந்த சந்தனத்தையும் விபூதிப் பட்டையையும் உலர்ந்த துணியால் அரக்கித் தேய்க்கிறோம். பொடியை வைத்துத் தேய்ப்பது கீறல்தான். ஈரத் துணியை அதன்மேல் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் சந்தனம் குங்குமத்தை நம்பர் பிளேட்டிலும் கண்ணாடியிலும் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மாலையை இரவே கழற்றுங்கள். நாரும் கட்டுக் கம்பியும் காற்றில் ஆடி பானட் முனையில் போட்ட கோட்டை எந்த மெஷினும் எடுக்காது.

நுரைமன்னன்:
அக்கா, இதெல்லாம் ஏற்கிறேன், ஆனால் ஏற்கெனவே கீறல் விழுந்த காரை வைத்திருப்பவன் என்ன செய்வான்? 'இனிமேல் ஒழுங்காகக் கழுவு' என்றால் பழைய கீறல் போய்விடுமா?

அசோக்நகர்_ஐ20:
எனக்கு வேறு புகார். போன முறை ஒருவர் பெயின்ட் மேல் காப்பாகப் பூசும் செராமிக் கோட்டிங் விற்க வந்திருந்தார். காரைக் கழுவ வந்தவனை ஓரமாக அழைத்துப் போய் '9எச் சார், சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது' என்று ஒரு மணி நேரம். அந்த 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை. பென்சிலில் ஹெச்பி, 2எச் என்று வருமே, அந்த வரிசை. கல்லுக்கும் சாவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தண்ணீர் முத்து முத்தாக உருளும், கழுவச் சுலபம், பறவை எச்சம் ஊறிப் போகக் கொஞ்சம் நேரமாகும், அதற்கெல்லாம் நல்லதுதான். கீறலைத் தடுக்காது. மெஷினை அனுமதித்தால் அதன் பின்னாலேயே இந்த வியாபாரமும் வரும், ஏனென்றால் பாலிஷ் போட்டவுடன் 'இதைக் காப்பாற்ற வேண்டாமா' என்பதுதான் அடுத்த வசனம்.

மடிப்பாக்கம்_மாருதி:
விற்பனை இந்த முறை கிடையாது. இதில் விவாதமே வேண்டாம்.

வேளச்சேரி_வேகன்ஆர்:
நுரைமன்னன் தம்பிக்கு: எத்தனை பேர் க்ளே பார் வரையாவது, அதாவது பெயின்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி வரையாவது, சரியாகச் செய்கிறோம்? கழுவிய பிறகு கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழ என்று இருந்தது, கவரோடு தடவினால் நறநற என்று தெரியும். ஐயன் ரிமூவர் அடித்தால் சக்கரத்தில் ஊதாவாக வழிகிறதே, அது பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் தூள். இதையெல்லாம் எடுக்காமல் மெஷின் பிடித்தால் அந்தத் தூளையே பேடில் வைத்துச் சுற்றுகிறீர்கள். போன முறை ஒரு காருக்குக்கூட க்ளே முழுதாக முடியவில்லை, எல்லாரும் மெஷினைச் சுற்றியே நின்றார்கள்.

இன்னொரு யோசனை. நம் கார்களை வருடம் முழுக்கத் துடைப்பவர் அபார்ட்மென்ட் கிளீனர்தான். அவரையும் கூப்பிடுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலசத் தண்ணீர் என்று இரண்டு வாளி முறையைக் காட்டலாம்.

பள்ளிக்கரணை_நாரை:
அவர் விடியற்காலை நாலரைக்கு வந்து எட்டு மணிக்குள் இருபது காரைத் துடைத்தாக வேண்டும். ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, இரண்டு வாளி, மூன்று துணி என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வேறா? அவருக்குத் தெரியாமல் இல்லை, நேரம் இல்லை.

வேளச்சேரி_வேகன்ஆர்:
அது சரிதான். எங்கள் பிளாக்கில் தினமும் துடைப்பதை நிறுத்தி, வாரம் இருமுறை போதும், காசு அதேதான் என்று சொன்னோம். காருக்கு ஒரு துணி நாங்களே வாங்கிக் கொடுத்து, கார் நம்பர் எழுதி வைத்திருக்கிறோம். தூசி படிந்த காரைத் தினமும் உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பதுதான் பெரிய கேடு, தூசியோடு விட்டுவிடுவதே நல்லது. இதைப் பக்கத்து பிளாக் ஆட்களிடம் சொன்னால் 'காசு கொடுக்கிறோம், தினமும் துடைக்கட்டும்' என்கிறார்கள்.

டீசல்_தாத்தா:
நல்ல ஏற்பாடு. எங்கள் தெருவிலும் சொல்லிப் பார்க்கிறேன்.

மடிப்பாக்கம்_மாருதி:
சரி, நான் ஒரு முடிவுக்கு வருகிறேன், திட்டுபவர்கள் திட்டுங்கள். 9 மணி வரை கழுவல், ஐயன் ரிமூவர், க்ளே மட்டும். தரையில் விழுந்த துணி நேராகத் தனி வாளிக்கு, யார் துணியாக இருந்தாலும். 9 மணிக்கு மேல் மெஷின் வரலாம், ஆனால் அடுத்தவர் காரில் யாரும் கைவைக்கக் கூடாது. புதுப்பேட்டையில் ஒரு பழைய பானட் வாங்கி ஸ்டாண்டில் வைக்கிறேன், எல்லாரும் அதில் ஓட்டிப் பழகட்டும். தன் காரில்தான் போடுவேன் என்பவர் முதலில் மீட்டர் வைத்துப் பெயின்ட் தடிமன் பார்த்துவிட்டுத் தானே போடட்டும்.

நுரைமன்னன்:
ஸ்டாண்டில் தட்டையாக இருக்கிற பானட்டில் யார் வேண்டுமானாலும் போடலாம். கதவு விளிம்பு, பம்பர் வளைவு, அங்கேதான் பெயின்ட் மெலிசு, அங்கேதான் கற்க வேண்டும். ஒரு பம்பரும் சேர்த்து வாங்குங்கள், பாதிக் காசு நான் தருகிறேன்.

டீசல்_தாத்தா:
அந்த மீட்டர் இரும்பின் மேல் இருக்கிற மொத்தத் தடிமனைத்தான் காட்டும், க்ளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் அந்தச் சாதாரண மீட்டர் வேலையே செய்யாது. என் காரை மெஷின் பக்கம் கொண்டுவர மாட்டேன், டீ சாப்பிட வருகிறேன்.

மாருதி தம்பி, பானட் வாங்குவதாக இருந்தால் கறுப்பாகப் பார்த்து வாங்கு. வெள்ளையில் என்ன செய்தாலும் கோடு தெரியாது, எல்லாரும் தொழில் கற்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.