இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் திருத்தியே ராத்திரி போயிடுது, சீனியர்ஸ் எப்படி சமாளிக்கிறீங்க?

காமர்ஸ்_ஷிப்ட்2:
எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல அசிஸ்டன்ட் புரொஃபசரா இது எனக்கு ரெண்டாவது வருஷம், ஈவ்னிங் ஷிப்ட். பி.காம் ஃபர்ஸ்ட் இயர் ரெண்டு செக்‌ஷன், மொத்தம் 124 பசங்க. ஒரு பேப்பருக்கு 12 நிமிஷம்னு வச்சாலே கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஆகுது, அதையும் வீட்ல ராத்திரிதான் உக்காந்து பாக்குறேன். எங்க தப்பு பண்ணிருக்காங்கன்னு ஓரத்துல சிவப்பு பேனால விளக்கமா எழுதியும் குடுக்குறேன். போன வாரம் பேப்பர் குடுத்தப்போ முதல் பெஞ்சு பையன் மார்க்க மட்டும் பாத்துட்டு நாலா மடிச்சு பைக்குள்ள சொருகிட்டான், நான் எழுதினதுல ஒரு வரி கூட படிக்கல, மனசே விட்டுப்போச்சு. இதுக்கு நடுவுல காலேஜுக்கு தரம் போடுற நாக் (NAAC) ஃபைல் வேற. பசங்க நல்லா வரணும், என் நாலு வயசு பொண்ணு தூங்குறதுக்குள்ள நான் அவகிட்ட போய் சேரணும், ரெண்டும் வேணும். வழி இருந்தா சொல்லுங்க.

லெட்ஜர்_மேடம்:
22 வருஷமா இதே சப்ஜெக்ட் எடுக்குறேன்மா, அதனால சொல்றேன். பேப்பர் பேப்பரா திருத்தாத, கேள்வி கேள்வியா திருத்து. 124 பேரோட 11-வது கேள்விய முடிச்சுட்டு அப்புறம் 12-க்கு போ. ஒரே கேள்விய பாக்கும்போது விடை மனசுல நிக்கும், ஒவ்வொரு தடவையும் ஆன்சர் கீய புரட்ட வேண்டாம், முதல் கேள்விக்கு அழகா எழுதினவனுக்கு அடுத்த கேள்விலயும் கை தாராளமா போற பழக்கமும் நின்னுடும்.

ஓரத்துல விளக்கம் எழுதுறத நிறுத்திடு. எல்லாரும் பண்றது நாலஞ்சு தப்புதான். நம்ம கேஷ் புக்கையும் பேங்க் பாஸ்புக்கையும் ஒத்துப் பாக்குற பேங்க் ரீகன்சிலியேஷன்ல பாரு, கேஷ் புக் பேலன்ஸ் 20,000, இஷ்யூ பண்ணி இன்னும் பேங்குக்கு வராத செக் 3,000 இருந்தா பாஸ்புக்ல 23,000 இருக்கணும், பாதி பேர் கழிச்சு 17,000-னு போட்டுருப்பான். பாஸ்புக்ல டெபிட் பேலன்ஸ்னா ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்குல இருந்தத விட அதிகமா எடுத்தாச்சுங்கிறதும் அவனுக்கு உறைக்காது. இந்த மாதிரி தப்புக்கு அ, ஆ, இன்னு பேர் வச்சு, தப்பு வந்த வரி பக்கத்துல அந்த எழுத்த மட்டும் போடு. மறுநாள் மார்க் சொல்லாம பேப்பர குடுத்து, அ-ன்னா என்னன்னு போர்டுல எழுதிட்டு, 20 நிமிஷம் அவங்களையே பக்கத்துல சரியா எழுத சொல்லு. மார்க் அடுத்த நாள். மார்க்க பாத்துட்டான்னா அதுக்கு மேல எதையும் படிக்க மாட்டான், நான் பாத்த வரைக்கும் இதுல எந்த பேட்ச்சும் மாறல.

கிண்டி_சர்க்யூட்:
மேடம் சொன்ன கேள்வி கேள்வியா திருத்துறது நூத்துக்கு நூறு உண்மை. மார்க்க நிறுத்தி வைக்கிறதுலதான் கொஞ்சம் யோசிக்கணும்னு நினைக்கிறேன். நான் இன்ஜினியரிங் பக்கம், அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு காலேஜ்லயே போடுற இன்டர்னல் மார்க்கே நூத்துக்கு 40, பசங்க அதுக்கு அவ்ளோ பயப்படுறாங்க. அதனால "நாளைக்கு மதியம் மார்க் குடுப்பேன்"னு நேரத்தோட சொல்லிட்டு அந்த நேரத்துக்கு கண்டிப்பா குடுத்துடுவேன், அப்போ பதட்டம் இல்லாம வேலை செய்றாங்க.

ஃபைல் பத்தி. கொஸ்டின் பேப்பர் செட் பண்றப்பவே எந்த கேள்வி எந்த சிஓ-ன்னு (கோர்ஸ் அவுட்கம், அந்த பாடத்துல பசங்க கத்துக்க வேண்டியது) பக்கத்துலயே போட்டுருங்க, மார்க்க கேள்விவாரியா எக்ஸெல்ல ஏத்துங்க, அத பசங்க எவ்ளோ எட்டினாங்கன்னு காட்டுற அட்டெயின்மென்ட் ஷீட் தானா வந்துடும். வருஷ கடைசில உக்காந்து ஞாபகத்துல இருந்து மேப்பிங் போடுறவங்கதான் மூணு நாள் தூங்காம கெடக்குறாங்க. அப்புறம் யுஜிசி 2018 விதிப்படி அசிஸ்டன்ட் புரொஃபசருக்கு வாரம் 40 மணி நேர வேலைல நேரடி வகுப்பு 16 மணி நேரம், மிச்சம் இருக்குற நேரத்துலதான் திருத்துறது, தயார் பண்றது, மத்த வேலை எல்லாம். டைம்டேபிள்ல ரெண்டு ஃப்ரீ ஹவர "திருத்தல்"னு பேனால எழுதி ஒட்டுங்க, ஸ்டாஃப் ரூம்ல உக்காராம லைப்ரரில போய் உக்காருங்க. ஸ்டாஃப் ரூம்ல யாராவது ஒருத்தர் சர்க்குலரோட வந்துடுவாங்க.

மௌனம்_கலை:
நான் தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பசங்களுக்கு எக்கனாமிக்ஸ் எடுக்குறேன், எனக்கு தோணுறது ஒண்ணுதான். பெரிய டெஸ்ட்டுக்கு முன்னாடி சின்னதா அஞ்சு நிமிஷ டெஸ்ட் வைங்க, மார்க் வேண்டாம், பக்கத்து பையனே திருத்தட்டும். 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கன்னு ரெண்டு பேர் பண்ணின ஆராய்ச்சில, திரும்ப படிச்சவங்கள விட படிச்சத பாக்காம நினைவுபடுத்தி எழுதினவங்களுக்குதான் ஒரு வாரம் கழிச்சு அதிகமா ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் கேள்வி கேட்டுட்டு உடனே நீங்களே பதில் சொல்லிடாதீங்க, மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. இங்கிலீஷ்ல கேட்டத தமிழ்ல யோசிச்சு திரும்ப இங்கிலீஷ்ல சொல்ல அவனுக்கு அந்த நேரம் வேணும். தமிழ்லயே சொன்னாலும் பரவாயில்லன்னு சொல்லிப் பாருங்க, கடைசி பெஞ்சுல இருந்தும் கை வரும்.

காமர்ஸ்_ஷிப்ட்2:
ஏ செக்‌ஷனுக்கு பண்ணிட்டேன் மேடம். கேள்வி கேள்வியா போனதுல ஒரு பேப்பருக்கு 7 நிமிஷத்துக்கு மேல ஆகல. மார்க் மறுநாள் ரெண்டு மணிக்குன்னு சொல்லிட்டு பேப்பர குடுத்தேன், சார் சொன்ன மாதிரியே யாரும் பதறல. அன்னைக்கு நாலா மடிச்சு வச்ச அதே பையன் "மேம், செக்க நாம எழுதிட்டோம், ஆனா பேங்க்ல இன்னும் பணம் போகல, அதான் அங்க அதிகமா இருக்கா?"ன்னு தமிழ்லயே கேட்டான், கேட்டுட்டு அவனே அடிச்சு திருத்தி 23,000-னு எழுதினான். பி செக்‌ஷன் வெள்ளிக்கிழமை. டெஸ்ட் அன்னைக்கு வராத ஒன்பது பேருக்கு இத எப்படி பண்றது மேடம், தனியா வேற கேள்வி குடுக்கணுமா?

லெட்ஜர்_மேடம்:
வேற பேப்பர்தான் குடுக்கணும், ஆனா அதே தப்பு வர்ற மாதிரி கேள்வியா குடு. திருத்தினதும் அதே எழுத்துங்களையே போடு, ஏற்கனவே எழுதின பசங்க பக்கத்துல ஒருத்தர் ஒருத்தரா உக்கார வை, அ-ன்னா என்னன்னு அவங்களே சொல்லிக் குடுப்பாங்க.